பங்குனியில் வந்த கந்தகம்

யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கி, கொழும்பு வெள்ளவத்தையில் லொட்ஜ் ஒன்றில் பையை வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிற மனிதரிடம், முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து, "ஐயா, அங்கை காலமையில தேங்காயெண்ணெய் உறையுதோ?" என்று கேட்டால் அவர் என்ன நினைப்பார்? பைத்தியம் என்றுதான் நினைப்பார். கனகேஸ்வரியைப் பற்றி லொட்ஜுகளில் அப்படித்தான் பேச்சு. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்பாள். "உறையுது பிள்ளை" என்று சொன்னால், "எத்தினை மணிக்கு இளகுது?" என்பாள். "அதை ஆர் பார்த்தது?" என்று சொன்னவரோ தொலைந்தார். "மூண்டு நேரமும் விழுங்கிப்போட்டு அடுப்படிப் பக்கம் எட்டியும் பார்க்காத ஆம்பிளையளிட்டைக் கேட்டன் பாருங்கோ, என்னைச் செருப்பால அடிக்கவேணும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் படி இறங்குவாள்.

கோபம் அவளோடு கூடப்பிறந்தது. ஐம்பது வயதாகியும் அது குறையவில்லை. குறைய நாடும் விடவில்லை. யாழ்ப்பாணத்தில் விவசாயக் கந்தோரில் பயிர் நோய் பார்க்கிற உத்தியோகத்தராக இருந்தவள். தொண்ணூற்றைந்தில் ஆமி நெருங்கி வர, ஊரே எழும்பி நடந்தபோது அவளும் நடந்து, வன்னியில் அலைந்து, கடைசியில் கொழும்புக்கு வந்து சேர்ந்தாள். இங்கே ஒரு கந்தோரில் கதிரை கொடுத்தார்கள், வேலை கொடுக்கவில்லை. நெல்லைப் பற்றிச் சிங்களத்தில் அச்சான துண்டுப்பிரசுரங்களை மாவட்டவாரியாகக் கட்டி வைப்பதுதான் பகல் முழுக்க அவள் பாடு. யாழ்ப்பாண மாவட்டத்துக்கு மட்டும் கட்டு இல்லை. ஏன் இல்லை என்று அவள் கேட்டாள். கேட்டதோடு சரி.

அவள் படித்த படிப்பு முந்திரிகை. இந்தியாக்காரர் திராட்சை என்பதை யாழ்ப்பாணத்தார் முந்திரிகை என்பார்கள். பந்தலில் குலைகுலையாகத் தொங்கும். அந்தக் கொடிக்குச் சாம்பல் நோய் என்று ஒரு பகை உண்டு. தளிரிலும் பிஞ்சிலும் அடுப்புச் சாம்பலைத் தூவியதுபோல வெள்ளை படியும். பிறகு காய் வெடித்து விதை வெளியே தெரியும், குலை குப்பைக்குத்தான். சாம்பல் கண்ணில் பட்டபின் மருந்தடிப்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. ஆனால் இந்த நோய் சொல்லாமல் வருவதில்லை. இதமான குளிர், ஈரக்காற்று, வேர்க்காத பகல் என்று சில நாட்கள் தொடர்ந்து வந்தால், பூசணம் வேலையைத் தொடங்கிவிட்டது என்று கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டு, வெள்ளை தெரிய முன்னரே நாள் குறித்துக் கந்தகத்தைக் கரைத்து அடித்தால் குலை தப்பும். வெயில் ஏறிவிட்டால் பூசணம் தானாக அடங்கிவிடும். அப்போது கந்தகம் தேவையுமில்லை, அடிக்கவும் கூடாது. கொதிக்கிற வெயிலில் அது நோயை விட்டுவிட்டு இலையைச் சுட்டுவிடும். எல்லாம் நாளில்தான் இருக்கிறது. சாதகம், சகுனம் எதையும் நம்பாத கனகேஸ்வரி நம்பிய ஒரே சாத்திரம் இதுதான்.

கணக்குப் போட வெப்பமும் ஈரமும் தெரியவேண்டுமே. யாழ்ப்பாணத்தின் குளிரும் வெயிலும் அந்தக் காலத்தில் இராணுவ இரகசியம். கேட்டால் கேட்டவளைத் திருப்பிக் கேள்வி கேட்பார்கள். தங்கைக்கு அவள் அனுப்பிய வெப்பமானியைக் கப்பலேறுகிற இடத்தில் பறித்துவிட்டார்கள். உள்ளே பாதரசம் இருக்கிறதாம். அதை வைத்துக் குண்டு செய்வார்கள் என்று நினைக்கிற மூளைக்கு என்ன மருந்தை அடிப்பது? கனகேஸ்வரி ஒரு கிழமை பொருமினாள். பிறகு குசினிச் சாமான்களையே கருவியாக்கினாள். தேங்காயெண்ணெய் எந்தக் குளிரில் உறையும் என்பதை ஆமிக்காரன் பறிக்க முடியாது. ஈரத்துக்கு உப்புச் சிரட்டை, உப்புக் கசிந்தால் காற்றில் ஈரம். வெயிலுக்கு வெறுங்கால்.

இதெல்லாம் தங்கை சிவமணிக்காக. சிவமணி உரும்பிராயில் இருந்தாள். புருஷன் ஷெல் விழுந்து செத்துப்போக, இரண்டு பொம்பிளைப் பிள்ளைகளோடு வளவில் இருந்த முந்திரிகைப் பந்தல் ஒன்றையே நம்பி நின்றாள். குலை முற்றினால் அந்த வீட்டில் அடுப்பு எரியும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள். குலை போனால் ஒன்றுமில்லை. ஞாயிறு காலையில் அவள் அங்கே சந்தியிலிருக்கிற தொலைபேசிக் கடையில் காத்து நிற்பாள். இங்கே கனகேஸ்வரி காலி வீதியில் ஜவாஹிறா நடத்துகிற கொமினிகேசன் என்ற தொலைபேசிக் கடைக்குப் போவாள். அக்காவும் தங்கையும் எண்ணெயும் உப்பும் கதைப்பதைக் கேட்டுக் கேட்டு ஜவாஹிறாவுக்கே மனம் ஆறாது. "சொகம் விசாரிக்க மாட்டீங்களா மிஸ்?" என்பாள். "இதுதான் எங்கடை சுகம்" என்பாள் கனகேஸ்வரி.

நாள் சொல்ல அவளால் முடியும். கந்தகத்துக்கு எங்கே போவது? புறக்கோட்டைக் கடைகளில் அது மூட்டை மூட்டையாகக் கிடந்தது. தம்புள்ளைக்குப் போகலாம், நுவரெலியாவுக்குப் போகலாம். யாழ்ப்பாணத்துக்கு மட்டும் போகக்கூடாது. அதுவும் குண்டுக்காம். வேறு மருந்துகளுக்கும் அதே கதிதான். தடை போட்டவனுக்கு முந்திரிகை மரத்தில் காய்க்கிறதா கொடியில் காய்க்கிறதா என்றுகூடத் தெரியாது. ஆனால் ஒரு விதவையின் பந்தலில் என்ன அடிக்கலாம், எதை அடிக்கக்கூடாது என்று அவன்தான் தீர்மானித்தான். நினைத்தால் எவருக்கும் வயிறெரியும். கனகேஸ்வரிக்கு எரிந்துகொண்டே இருந்தது.

தொண்ணூற்றெட்டு ஆவணியில், அனுமதி கொடுக்கிற கந்தோருக்கு அவள் போனாள். "கந்தகம் எண்டு வாயால சொன்னாலே பிடிச்சு உள்ளை போடுவாங்கள், சும்மா இரு" என்று வெள்ளவத்தைச் சொந்தக்காரர் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். "சும்மா இருந்து சும்மா இருந்துதான் எல்லாத்தையும் விட்டிட்டு வந்தனாங்கள்" என்று அவர்களுக்கும் கொடுத்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி இளவயதுக்காரன், மரியாதையானவன். எழும்பிக் கதிரை காட்டினான். அந்த மரியாதைதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். கத்துகிறவனோடு சண்டை பிடிக்கலாம். சிரிக்கிறவனை என்ன செய்வது?

"லெடே கோ, நோனா?" என்று கேட்டான். நோய் எங்கே அம்மா என்று.

"இப்ப இல்லை. தை மாசம் வரும்" என்று அவள் சிங்களத்திலேயே சொன்னாள்.

"வராத நோய்க்கு மருந்தா?"

அவள் பொறுமையாக, தன் வாழ்நாளில் இருந்த பொறுமை முழுவதையும் திரட்டி, விளக்கினாள். குளிர், ஈரம், பூசணம், நாள். அவன் கவனமாகக் கேட்டான். கடைசியில், "நோனா, நீங்கள் சாத்திரம் சொல்கிறவரா?" என்று சிரித்தான். "சட்டப்படி, நோய் இருந்தால்தான் மருந்து. நோய் வரட்டும், காட்டுங்கள். நான் மேலே அனுப்புகிறேன்."

அவள் விண்ணப்பத்தை அவன் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தாள். பெறுபவர் என்ற இடத்தில் சிவமணியின் பெயரும் விலாசமும். அளவு என்ற இடத்தில் ஒரு போகம் முழுவதற்கும் தேவையான கந்தகம். ஒவ்வொரு தெளிப்புக்கும் ஒருமுறை இந்தப் படியேறி இந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்கென்ன விசரா?

தை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை சிவமணியின் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல வந்தது.

"எண்ணெய்?" என்றாள் கனகேஸ்வரி.

"பள்ளிக்கூட மணி அடிச்சாப் பிறகுதான் இளகினது அக்கா. நாலைஞ்சு நாளா இப்பிடித்தான்."

"உப்பு?"

"சிரட்டையில தண்ணி நிக்குது."

"மத்தியானம் முத்தத்தில வெறுங்காலோட நிக்கலாமோ?"

"தாராளமா."

கனகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். "இண்டைக்குப் பின்னேரம் அடிக்கவேணும் சிவமணி. விட்டால் நாளையிண்டைக்கு. அதுக்கு மேல சுணங்கேலாது."

"நாள் சொல்லிப்போட்டியள். எதை அக்கா அடிக்கிறது?"

அடுத்த நாள் அவள் அந்தக் கந்தோருக்கு ஓடினாள். வந்துவிட்டதா என்று கேட்டான் அவன். வந்துகொண்டிருக்கிறது என்றாள். "வரட்டும்" என்றான். அது வந்தது. அவள் சொன்ன நாள் தப்பாமல் வந்தது. சிவமணி ஒரு இலையைப் பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பிக்குள் வைத்துக் கப்பலில் வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். கனகேஸ்வரி அதைக் கொண்டுபோய் அதிகாரியின் மேசையில் அடித்து வைத்தாள். அவனுடைய தேத்தண்ணிக் கோப்பை ஆடியது. "இந்தாரும் உம்முடைய லெடே" என்றாள். அவன் இலையைத் திருப்பிப் பார்த்து, உண்மையாகவே கவலைப்பட்டு, விண்ணப்பத்தை மேலே அனுப்பினான். அது மேலே போய்க்கொண்டிருந்த நாட்களில் உரும்பிராயில் காய்கள் வெடித்தன. சிவமணி குலைகளை வெட்டி மாட்டுக்குப் போட்டாள். மாடும் தின்னவில்லை.

மாசியில் சிவமணி கொடியைக் கத்தரித்தாள். பங்குனியில் புதுத் தளிரோடு பூங்குலை வந்தது. வெயிலும் வந்தது. கனகேஸ்வரி கணக்குப் போட்டாள், ஒருமுறைக்கு இரண்டுமுறை போட்டாள், தொலைபேசியில் முதல்முறையாகச் சிரித்தாள். "இந்தமுறை ஒண்டும் அடிக்கத் தேவையில்லையடி. இந்த வெயிலுக்குப் பூசணம் தலை தூக்காது. தண்ணியை மட்டும் விடு. குலை முழுசா உனக்குத்தான்." சிவமணி அங்கே பிள்ளைகளைக் கூப்பிட்டு அதைச் சொன்னது இங்கே கேட்டது.

அந்தக் கிழமைதான் பேர்னாட் வந்தான். பேர்னாட் கொட்டாஞ்சேனைக்காரன், துறைமுகத்தில் சரக்கேற்றுகிற கொம்பனி ஒன்றில் கிளார்க். யாழ்ப்பாணம் போகிற காங்கேசன்துறைக் கப்பலில் ஒரு மூட்டைக்கு இடம் பிடிப்பதென்றால் அவனைத்தான் பிடிக்கவேண்டும். வாசலில் நின்றபடியே பல்லெல்லாம் தெரியச் சொன்னான்.

"மிஸ், உங்கடை பெமிற் எங்கடை கொம்பனிக்கு வந்திட்டுது! நான் விடுவனா? அண்டைக்கே புறக்கோட்டையில மூட்டையை எடுத்துக் கப்பலில போட்டாச்சு. இப்ப தங்கச்சியின்ரை கைக்குப் போயிருக்கும்."

கனகேஸ்வரியின் முகம் கறுத்தது. "ஆரைக் கேட்டு ஏத்தினனீ?"

"நீங்கள்தானே மிஸ் தையில சொன்னனீங்கள்? பெமிற் வந்த அண்டைக்கே ஏத்து, ஒரு நிமிசம் சுணங்கினாலும் உன்னைக் கொல்லுவன் எண்டு."

சொன்னதுதான். அவள் மட்டுமா சொன்னாள்? அந்த வருடங்களில் கொழும்பில் இருந்த யாழ்ப்பாணத்தார் எல்லாருக்கும் அதே பழக்கம். கதவு ஒரு விரற்கடை திறந்தால் போதும், கையில் இருப்பதை உள்ளே தள்ளிவிடவேண்டும். தேவையா இல்லையா என்பதைப் பிறகு பார்க்கலாம். அடுத்த கப்பல் எப்போது என்று கடவுளுக்கும் தெரியாது. பேர்னாட்டை ஏசி என்ன பயன்? அவன் நீட்டிய அனுமதிப் பத்திரத்தை வாங்கிப் படித்தாள். வந்த ஒரு கிழமைக்குள் கந்தகம் முழுவதையும் ஆமி முகாம் ஆட்களின் முன்னால் பாவித்து முடிக்கவேண்டும். வெறும் பையைக் கையளிக்கவேண்டும். மிச்சம் வைத்திருந்தால் சட்டவிரோத உடைமை என்று எழுதியிருந்தது. ஒரு போகத்துக்குக் கேட்டதை ஒரு கிழமைக்குள், அதுவும் பங்குனி வெயிலில்.

மறுநாள் அவள் படியேறியபோது அதிகாரி எழுந்து நின்று வரவேற்றான். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். "பார்த்தீர்களா நோனா, சொன்னபடி செய்து தந்தேன்."

விருந்துக்குக் கூப்பிட்டபோது வராதவன், செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக்கு வந்து நின்று கையைக் கழுவிவிட்டு இலையைப் போடு என்கிறான். இதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். இப்போது அடித்தால் கொடி எரிந்துவிடும். மார்கழி வரை வைத்திருக்க விடுங்கள். வீட்டில் வேண்டாம், முகாமிலேயே பூட்டி வையுங்கள்.

"கந்தகத்தைச் சேமித்து வைப்பதா?" அவனுடைய சிரிப்பு நின்றுவிட்டது. "நோனா, நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரிகிறதா?"

"அப்ப திருப்பி எடுங்கோ."

அவன் குரலைத் தாழ்த்தினான். பயமுறுத்தவில்லை, நல்லதற்குத்தான் சொன்னான். "நோய் என்று சொல்லி வாங்கிய மருந்தை வேண்டாம் என்றால், எதற்காகக் கேட்டார் என்று விசாரிப்பார்கள். உங்களை அல்ல. உங்கள் தங்கையை."

அதற்குமேல் அவள் பேசியது தமிழில். அந்தக் கந்தோரின் கூரைக்குத் தமிழ் தெரிந்திருந்தால் இடிந்து விழுந்திருக்கும். தட்டெழுத்துச் சத்தம் நின்றது. எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. நோய் வர முன்னம் போனால் நோய் எங்கே என்கிறான், நோய் போனபிறகு மருந்தைத் தந்து அடி என்கிறான், அடிக்காவிட்டால் பிடிப்பேன் என்கிறான், இது எந்த ஊர் நியாயமடா என்று அவள் கேட்டாள். பியோன் வந்து, "வாங்கோ அம்மா, வாங்கோ" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கீழே கூட்டிவந்து விட்டான்.

நேரே ஜவாஹிறாவிடம் போனாள். ஞாயிறல்ல; அங்கே சந்திக் கடைக்காரரிடம் சொல்லி, யாரையோ சைக்கிளில் அனுப்பி, சிவமணியைக் கூப்பிடவேண்டியிருந்தது. "இரிங்க மிஸ், லைன் வரும்" என்று ஜவாஹிறா கதிரையை இழுத்துப் போட்டாள். கனகேஸ்வரி இருக்கவில்லை. லைன் வந்தபோது சிவமணிக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, வந்திட்டுது! மூட்டையைக் கண்டோடன பிள்ளையள் கை தட்டினதுகள். நாளைக்கு ஆமிக்காரர் வருவினமாம், அவைக்கு முன்னால அடிக்கவேணுமாம். எவ்வளவு கலக்கிறது?"

"மத்தியானம் முத்தத்தில வெறுங்காலோட நிக்கலாமோ?"

எத்தனையோ ஞாயிறுகளாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவள் அல்லவா, சிவமணிக்கு விளங்கிவிட்டது.

"செருப்போடையும் நிக்கேலாது அக்கா" என்றாள்.

"அவங்கள் எப்ப வாறாங்கள்?"

"மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் எண்டவை."

"முழுக்கவுமோ?"

"முழுக்கத்தான். வெறும் பை குடுக்கவேணும்."

"மண்ணில ஊத்து. வேலியில அடி."

"அவை கிட்ட நிண்டு பார்ப்பினம். பக்கத்து ஒழுங்கையில ஒரு மனிசன்ரை வீட்டில யூரியா உரம் கொஞ்சம் மிஞ்சிக் கிடந்தது எண்டு ஆளைக் கொண்டுபோனவங்கள் அக்கா. இன்னும் விடேல்லை. நான் போனால் பிள்ளையள் ரண்டும் ஆரோட நிக்கும்?" பிறகு, "பூ நல்லாப் பிடிச்சிருக்கக்கா" என்றாள்.

கனகேஸ்வரி தொலைபேசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரைத் திட்டுவது? எதிரே ஜவாஹிறாதான் நின்றாள், பாவம். கனகேஸ்வரிக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான்: எந்த நாளில் அடிக்கவேண்டும், எந்த நாளில் அடிக்கக்கூடாது. அதை அவள் ஒருநாளும் பிழையாகச் சொன்னதில்லை.

"அடி" என்றாள்.

"எரியுமெண்டு நீங்கள்தானே அக்கா..."

"ஓம், எரியும். அடி. ஒரு துளியும் மிச்சம் வையாதை. அவங்கள் பார்க்கத்தக்கதா நல்லா அடி. அவங்கள் போனோடன கிணத்துத் தண்ணியை அள்ளி ஏலுமான மட்டும் கழுவு. முதல்ல அடி சிவமணி, என்ரை குஞ்செல்லே, அடி!"

ஜவாஹிறா வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சொன்னபடி சிவமணி அடித்தாள். ஆமிக்காரர் பந்தல் நிழலில் நின்று பார்த்துவிட்டு, வெறும் பையை வாங்கிக்கொண்டு போனார்கள். தாயும் பிள்ளைகளும் ஊரடங்கு தொடங்கும் வரை வாளி வாளியாக அள்ளி ஊற்றினார்கள். எட்டிய இடமெல்லாம் கழுவினார்கள், பந்தல் பெரிது. இரண்டு நாளில் தளிர் கருகிச் சுருண்டது. பூங்குலைகள் தொட்டால் உதிர்ந்தன. பை சரியாக வந்து சேர்ந்தது என்று அந்த அதிகாரி நல்ல மனதோடு கனகேஸ்வரிக்குச் சொல்லியனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கொமினிகேசனுக்குப் போகும்போதே எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். கொடி சாகாது. வேர் இருக்கிறது, திரும்பத் தளிர்க்கும். இந்தமுறை சித்திரையிலேயே எழுதிப்போட்டு, மாதாமாதம் போய் அவன்கள் கழுத்தில் ஏறி இருந்து, மார்கழிக்கு முன் வாங்கியே தீருவது. சிவமணி குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள்.

"வேண்டாம் அக்கா" என்றாள். "கொடியை வெட்டிப்போட்டு வெங்காயம் வைக்கப்போறன். ஆளும் பிடிச்சிட்டன். நீங்கள் எனக்காக எவ்வளவு ஓடினனீங்கள் எண்டு தெரியும். ஆனால் இனி என்ரை பேரை ஒரு இடத்திலையும் எழுதிக் குடுக்காதேங்கோ."

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் கனகேஸ்வரி சண்டை பிடித்திருப்பாள். அதில் கோபம் இல்லை. பயந்த ஒருத்தி இன்னொருத்தியிடம் கெஞ்சுகிற குரல்தான் இருந்தது. முகாமைப் பார்த்துப் பயந்ததுபோலத் தங்கை தன்னையும் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"ஓம் பிள்ளை" என்றாள். "குடுக்கமாட்டன்."